ஓடும்போது உத்தரவிடும் சிறுநீரகம்

1971 ஆம் ஆண்டு வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்குநீரிணையில் இறங்கி, இந்தியக் கரையைத் தொட்டு, நீந்தியே ஊர் திரும்பினார். 51 மணித்தியாலம். அவருக்கு முன்னர் 1954 இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி அந்தக் கடலை ஒருவழியாகக் கடந்திருந்தார். இந்த இரண்டு பெயரும் வடமராட்சிக்கு மட்டும் சொந்தமில்லை, நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே 1971 இல் அமெரிக்காவில் கொட்சன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களைப் பயிற்சி செய்யவைத்து, கடுமையைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் குருதியைச் சோதித்தார்கள். உழைப்பு ஏற ஏற, ரெனின் என்ற பொருளும் ஏறியது. அதைச் சுரப்பது சிறுநீரகம்.

சாதாரண தர வகுப்பில் சிறுநீரகத்தை வடிகட்டியாகத்தான் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அது கட்டளையிடும் உறுப்பும் கூட. இதை உலகம் ஏற்றுக்கொள்ளவே பல காலம் பிடித்தது.

1898 இல் ஸ்டொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் திகர்ஸ்டெட் என்ற பின்லாந்துக்காரரும் பேர்க்மன் என்ற உதவியாளரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து, சாறெடுத்து, இன்னொரு முயலின் நாளத்தில் ஏற்றினார்கள். குருதியமுக்கம் உயர்ந்தது. சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அதன்பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் அதைப் பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை. 1934 இல் அமெரிக்காவின் கோல்ட்பிளட் நாய்களின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் நெருக்கி, அவற்றுக்குப் பிரஷரை வரவழைத்துக் காட்டியபோதுதான் பழைய ரெனின் திரும்ப நினைவுக்கு வந்தது.

நாய்க்குக் கவ்வி செய்ததற்குக் கிட்டத்தட்ட ஒப்பானதை, ஓடும்போது நம் நரம்புகளே செய்கின்றன. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவு குருதி சிறுநீரகங்களுக்குப் போகிறது. கடுமையாக ஓடினால் தசைகளுக்குத் தேவை கூடும், சிறுநீரகத்தின் பங்கு கால்வாசி அளவுக்கும் இறங்கலாம். அந்த நேரம் நரம்புகளின் தூண்டலால் ரெனின் வெளிவருகிறது. அதன் வழியாக அஞ்சியோரென்சின் உருவாகிக் குழாய்களை இறுக்குகிறது. அல்டொஸ்தெரோனும் சுரந்து உப்பைப் பிடித்துவைக்கிறது. உப்போடு தண்ணீரும் தங்கும். வியர்வையில் போவதை ஈடுசெய்ய உடம்பு போடும் சிக்கனத் திட்டம் இது. ஓய்வெடுத்தால் சில மணித்தியாலங்களில் ரெனின் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நீச்சல்காரருக்கு ஒரு வேறுபாடு உண்டு. தண்ணீரின் அழுத்தம் கால்களிலுள்ள குருதியை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதால், உடம்பில் நீர் நிறைய இருப்பதாக இதயம் நினைத்துக்கொள்ளும். அதனால் ரெனின் தரையில் ஓடுபவருக்கு ஏறுகிற அளவுக்கு ஏறாது, சிறுநீரும் கூடுதலாகப் போகும். கடலில் நீந்துபவர் தாகத்தோடு கரையேறுவதற்கு உப்புநீர் மட்டும் காரணமில்லை. (கடலில் குளித்தவுடன் சிறுநீர் முட்டுவது ஏன் என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் பதில்.)

மருந்தின் கதை பாம்பிலிருந்து வந்தது. 1960களில் பிரேசிலின் ஃபெரேரா, ஜராராக்கா என்ற விரியனின் நஞ்சை ஆராய்ந்தார். அந்த நஞ்சிலுள்ள பொருட்கள் அஞ்சியோரென்சின் உருவாவதைத் தடுப்பது பிறகு தெரியவந்தது. அந்த வழியில் கப்டோபிரில் என்ற குளிசை பிறந்து 1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1995 இல் லொசாட்டன் வந்தது. அது அஞ்சியோரென்சின் வேலை செய்யும் இடத்தை அடைக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது அந்த லொசாட்டன்தான்.

இதை எழுத வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சித்திரை வெயிலில் உதைபந்தாட்டம் விளையாடுகிற நம் ஆட்கள், முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். அஞ்சியோரென்சின் இறுக்கும் நேரத்தில் சிறுநீரகம் தன் குழாய்களைத் திறந்துவைக்கச் சில பொருட்களைத் தானே செய்துகொள்ளும். நோவுக் குளிசை அந்த உற்பத்தியை நிறுத்துகிறது. தண்ணீரும் குறைவாக இருந்தால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் நெருக்கப்படும். லொசாட்டன் எடுக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர் அதே நோவுக் குளிசையைப் போட்டால், வடிகட்டலைத் தாங்கிப்பிடிக்கும் அஞ்சியோரென்சினின் உதவியும் இல்லாமல் போகும். நோன்பில் அஸருக்குப் பிறகு ஓடுபவர்கள் தண்ணீர் குறைந்த உடம்போடுதான் ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டுப் பிரஷர் குளிசையை யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. நடப்பதையும் நிறுத்த வேண்டாம். பாமசியில் நோவுக் குளிசை கேட்கும்போது கிளினிக் கொப்பியையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாப்பா, உம்மாவுக்காக வாங்கப்போகும் பிள்ளைகளும் அப்படியே செய்யட்டும்.