மோட்டார் ஏறாத மலையூர்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என வகுத்தவர் நம் முன்னோர். நிலத்தின் இயல்பே அங்கு வாழ்வார்தம் ஒழுக்கத்தையும் தொழிலையும் வகுக்கும் என்பது அவர்தம் துணிபு. இதற்கு இக்காலச் சான்று தேடி மும்பைத் தமிழராகிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து நம்மைச் சுமந்து வரும் இரயில் பூனாவைக் கடந்து, மலையிறங்கிக் கர்ஜத்தை அடைந்து, கல்யாண் சேருமுன் நேரல் என்னும் சிறு நிலையத்தைத் தாண்டுகிறது. மூட்டை முடிச்சுகளை எண்ணிச் சேர்க்கும் பரபரப்பில் நம்மில் பலர் அந்தப் பெயர்ப்பலகையைக் காண்பதே இல்லை. அதற்கு மேலே, ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாத்தேரான். மோட்டார் வண்டிக்கு இடமில்லை என்று கதவடைத்த ஊர் அது.

மராத்தியில் 'மாத்தே' என்பது தலை. 'ரான்' என்பது காடு. தலைமேல் காடு சுமந்த மலை என்பது பொருள். 1850ஆம் ஆண்டு மே மாதத்தில், தாணா மாவட்டக் கலெக்டராயிருந்த ஹ்யூ மாலெட் என்பார் இம்மலையேறிக் கண்டதே இவ்வூரின் புதிய வரலாற்றுக்குத் தொடக்கம். பின்னர் பம்பாய் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவின் ஆதரவில் இது கோடை வாழிடமாயிற்று. ஆயினும் மேலேறுவது எளிதாயில்லை. அக்குறை தீர்த்தவர் பம்பாய் வணிகர் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார். அவர்தம் முயற்சியால் இரண்டடி அகலமுள்ள சிற்றிருப்புப்பாதை 1907இல் நேரலிலிருந்து மலையுச்சிவரை ஓடலாயிற்று. இருபது கிலோமீட்டரளவு நீளமுள்ள அப்பாதை, வளைந்து வளைந்து ஏறும் அழகு காணத்தக்கது. பெருமழை அதனைப் பன்முறை சிதைத்ததுண்டு. 2005இல் நின்ற வண்டி 2007இல் மீண்டது. 2019இல் மறுபடியும் சிதைந்த பாதையில் 2022 அக்டோபரில்தான் முழுப் பயணம் தொடங்கியது.

மாத்தேரானின் செம்மண் பாதைகள் காலுக்கும் குதிரைக்கும் கைவண்டிக்கும் என அமைந்தவை. பிற மலையூர்கள் பாதைகளை அகலப்படுத்தி மோட்டாரை வரவேற்றபோது இவ்வூர் மறுத்து நின்றது. 2003 பிப்ரவரியில் நடுவண் அரசு இதனையும் சுற்றுப்புறத்தையும் சூழலியல் நுண்மை வாய்ந்த பகுதியாக அறிவித்தது. பழைய வழக்கம் சட்டத்தின் வலிமை பெற்றது. கார்கள் தஸ்தூரி நாகா என்னுமிடத்தில் நின்றுவிட வேண்டும். அப்பால் கடைத்தெரு செல்ல இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை, குதிரை அல்லது சிற்றிரயில். நோயாளிகளை ஏற்றும் ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு.

இவ்விதியால் விளைந்த நன்மையை மறுப்பார் இல்லை. நகரத்தில் குழந்தையின் கையை இறுகப் பற்றியே தெருவைக் கடக்கும் தாய், இங்கே அக்கையை விட்டுவிடுகிறாள். குழந்தை பாதையின் நடுவே ஓடுகிறது. கட்டுப்பாடே சுதந்திரத்தைத் தந்தது என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமா?

ஆயினும் நாம் இத்துடன் நின்றுவிட்டால் வரலாற்றின் ஒரு பக்கத்தையே படித்தவராவோம். நாம் இரண்டு நாள் தங்கி அமைதியை நுகர்ந்து இறங்குகிறோம். அவ்வூரார் ஆண்டு முழுவதும் அங்கே வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அவர்தம் அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் குதிரையின் முதுகிலோ மனிதனின் தோளிலோ ஏற வேண்டும். நடக்கவியலாத முதியவரைக் கைவண்டியில் அமர்த்தி, முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஓரிருவர் தள்ள, ஏற்றத்தில் மூச்சு வாங்கிச் சென்ற காட்சியைக் கண்டோர் அறிவர். மோட்டாரின் இரைச்சலை நீக்கிய விதி, மனிதனின் மூச்சிரைப்பை நீக்கவில்லை.

மிதிவண்டி ரிக்‌ஷாக்காரர் வழக்கொன்றில், 1980இலேயே நீதியரசர் கிருஷ்ணய்யர் உழைப்பாளியின் மாண்பை வற்புறுத்தியிருந்தார். மாத்தேரானுக்கு அந்நீதி வந்து சேர நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. கைவண்டி இழுப்போர் மின்ரிக்‌ஷா கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2022இல் சோதனை முறையில் அதற்கு இசைவு கிடைத்தது. அவ்வண்டிகள் கைவண்டி இழுத்தவர்க்கே உரியன என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. குதிரைக்காரர்கள் எதிர்த்தனர், அவர்கள் அச்சத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவர்க்கும் குதிரை ஒன்றே சோறு. இறுதியில் 2025 ஆகஸ்டில், மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கம் அரசியலமைப்பின் மாண்புக்கு ஒவ்வாதது எனக் கண்ட நீதிமன்றம், ஆறு திங்களுக்குள் அதனை நிறுத்துமாறு ஆணையிட்டது. அதே தீர்ப்பில், முதன்மைச் சாலைக்கு அப்பால் உள்ள பாதைகளில் கற்பாளம் பதிக்கலாகாது என்று காட்டின் இயல்பையும் காத்தது.

இத்தீர்ப்பில் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. மோட்டாருக்குத் தடை என்னும் விதி நீக்கப்படவில்லை. அதன் சுமை எவர்மேல் விழுந்தது என்பதே ஆராயப்பட்டது. ஒரு விதி நல்லதா தீயதா என்று அறிய, அதன் பயனை நுகர்வோரை மட்டும் வினவுதல் போதாது. அதன் பாரத்தைச் சுமப்போரையும் வினவ வேண்டும். இருவரும் ஒருவராயின் அது ஒழுக்கம். வேறு வேறானால், அங்கே ஒருவரின் உரிமை மற்றவரின் தோளில் ஏறி வருகிறது.

இவ்வினா நம் தாயகத்தையும் எட்டிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு மின்வழி அனுமதிச்சீட்டு கட்டாயமாயிற்று. விடுமுறைக்கு ஊர் சென்று, பிள்ளைகளுக்கு உதகையைக் காட்ட விழையும் நமக்கு அது ஒரு தடையாகத் தோன்றலாம். அவ்வேளையில் மாத்தேரானை நினைவுகூர்வோமாக. நம் வசதி குறைவதனால் மலை வாழுமாயின் அக்குறை ஏற்கத்தக்கதே. அம்மலையில் வாழும் ஏழையின் பிழைப்பும் அதனோடு குறையுமாயின், அவன் பொருட்டுக் குரல் எழுப்புவதும் நம் கடமையே.

அடுத்த முறை நேரல் வரும்போது, மூட்டை கட்டுவதைச் சற்றே நிறுத்திச் சன்னல் வழியே அந்த மலையை நோக்குவோம்.