எழுத்து நின்றது, மொழி சென்றது

பினாங்கிலிருந்து உறவினர் ஒருவர் தம் பேரனுடன் கூடுவாஞ்சேரியில் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். அவருடைய பாட்டனாருக்குத் தாயகத்திலிருந்து சென்ற அரபுத்தமிழ்க் கடிதமொன்று அவர் கையிலிருந்தது. மலாயை அரபெழுத்தில் எழுதும் ஜாவி முறையைப் பயின்றிருந்த சிறுவன், அதனைத் தட்டுத் தடுமாறிப் படித்தான். ஒரு சொல்லும் அவனுக்கு விளங்கவில்லை. கேட்டிருந்த, பார்வை மங்கிய பெரியவரோ கண்கலங்கினார்.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. பினாங்கில் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய நம்மவருள் பலர், அங்கேயே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழியினர் 'ஜாவி பெரானாக்கான்' எனப்பட்டனர். தாயின் மலாய் வீட்டை ஆண்டது. தந்தையின் தமிழ் கடையோடு நின்றது. 1876-இல் அச்சமூகத்தார் சிங்கப்பூரில் அதே பெயரில் தொடங்கிய செய்தியிதழ் மலாய் மொழியிலேயே வெளிவந்தது.

ஆயின், 1796-இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ், நாகூர்த் தொடர்புடைய குடும்பத்தவர், தமிழ் கற்றார். கணக்கிற்கும் வணிகத்திற்கும் பயன்படுமென்று பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அவ்வூர் வழக்கமென அவரே தம் சரிதையில் குறித்துள்ளார். கற்பித்தவர் இருந்தனர், மொழியும் இருந்தது.

குர்ஆன் ஓதக் கற்பித்தமையால் அரபெழுத்து தலைமுறைதோறும் நிலைத்தது. தமிழுக்கு அத்தகைய ஏற்பாடில்லை. மொழி குருதியில் வருவதன்று. அயலகம் வாழும் பெற்றோரே, பிள்ளைகள் ஓதும் நேரத்தையடுத்து, நாளும் சிறிது பொழுதைத் தமிழுக்கும் ஒதுக்குவீராக!