தானே வரைந்த தன் உருவம்

சர்வாதிகாரியை நகையாட விழையும் கலைஞன் பெரும்பாலும் ஒப்பனையை நாடுகிறான். இட்லரின் மீசையும் தம் மீசையும் ஒத்திருந்ததையே 1940-இல் சாப்ளின் படைக்கலமாக்கினார். ஆனால் 1974-இல் பார்பே ஷ்ரோடர் என்னும் இயக்குநர் வேறு வழி கண்டார். உகாண்டாவின் அதிபர் இடி அமீனிடமே சென்று, "உங்களைப் பற்றி நீங்களே ஒரு படம் தாருங்கள்" என்னும் பாவனையில் காமிராவை அவர் முன் வைத்துவிட்டார்.

அமீனுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. படத்திற்கான அக்கார்டியன் இசையையும் அவரே வழங்கினார். நீச்சல் போட்டியில் வெல்கிறார். நைல் நதியில் படகேறி விலங்குகளை நலம் விசாரிக்கிறார். கோலான் குன்றுகளைக் கைப்பற்றப் போவதாகச் சொல்லி, சில வீரர்களையும் ஒரு ஹெலிகாப்டரையும் கொண்டு ஒத்திகை நடத்துகிறார். பார்ப்போர் சிரிக்கின்றனர். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை என்பதே இதில் விந்தை!

ஆனால் அந்தச் சிரிப்பு அமைச்சரவைக் காட்சியில் உறைந்துபோகிறது. வெளியுறவு அமைச்சரை அமீன் கடிந்துகொள்கிறார். அமைச்சர்கள் பள்ளிச் சிறுவரைப்போலக் குறிப்பெடுக்கின்றனர். இரு வாரங்களுக்குப் பின் அந்த அமைச்சர் மைக்கேல் ஒண்டோகாவின் உடல் நைல் நதியில் கிடைத்ததெனப் பின்னணிக் குரல் அறிவிக்கிறது.

கத்தோலிக்கராகிய நமக்கு வேறு இரு பெயர்களும் நினைவில் எழும். தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானுக்கா 1972-இல் நீதிமன்றத்திலிருந்தே இழுத்துச் செல்லப்பட்டார். 'முன்னோ' என்னும் கத்தோலிக்க நாளேட்டின் ஆசிரியர் கிளெமென்ட் கிகுண்டு அடிகளார் 1973-இல் கொலையுண்டார். எழுதியவரின் உயிரைப் பறித்த அதே ஆட்சி, படமெடுக்க வந்தவருக்கோ விருந்தளித்தது. புகழ்மாலை சூட்டவே இவர் வந்திருக்கிறார் என்று அமீன் நம்பியதைத் தவிர இதற்கு வேறு காரணம் தோன்றவில்லை.

உகாண்டாவுக்குச் சுருக்கப் பிரதியே அனுப்பப்பட்டது. முழுப் படம் ஐரோப்பாவில் ஓடியது. செய்தி அமீனுக்கு எட்டியது. அவர் தம் நாட்டிலிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒரு விடுதியில் அடைத்து, ஷ்ரோடரின் தொலைபேசி எண்ணை அவர்கள் கையில் கொடுத்தார். சில நிமிடக் காட்சிகளை வெட்டும்வரை விடுதலை இல்லை! இயக்குநர் பணிந்தார். அதைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. கலையினும் உயிர் பெரிதல்லவா? 1979-இல் அமீன் வீழ்ந்த பின்னரே அக்காட்சிகள் மீண்டும் சேர்க்கப்பட்டன.

படத்தின் இறுதியில் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் அமீன் அமர்ந்திருக்கிறார். யாரோ பேசுகின்றனர். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்களை மட்டும் இங்குமங்கும் உருட்டுகிறார். காமிரா அந்த முகத்தைவிட்டு நகரவேயில்லை.