மாலைக் காப்பி வந்த வழி

மாலையில் பணிமனைச் சங்கு ஊதி அடங்கியபின் நம் காலனித் தெருக்களில் நடந்து செல்வோர், எது தமிழர் வீடு என்பதைப் பெயர்ப் பலகை பார்த்து அறிய வேண்டுவதில்லை. வடிகட்டியில் இறங்கும் காப்பியின் மணமே அதனைச் சொல்லிவிடும். ஆயினும் அண்மைக் காலமாக அந்த மணத்திற்குப் போட்டி ஒன்று வீட்டிற்குள்ளேயே தோன்றியிருக்கிறது. வங்க நாட்டிலே பிறந்து, வங்கப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்த நம் மக்கள், “எனக்குக் காப்பி வேண்டா, சாயா போடு” என்கின்றனர். பெரியோர் முகம் சுளிக்கின்றனர். “காப்பி நம் முன்னோர் வழக்கம், தேநீர் இவ்வூரார் வழக்கம், பிள்ளைகள் நம் வழக்கத்தை விடுகிறார்களே” என்பது அவர்கள் குறை. ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏற்ற வேண்டிய தாய்மாரின் குறையோ வேறு!

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் காப்பி எவ்வளவு காலமாக ‘நம் வழக்கம்’ என்று ஆராயப் புகுந்தோமாயின், கிடைக்கும் விடை பெரியோர்க்குச் சற்று ஏமாற்றம் அளிக்கக்கூடும்.

சங்க நூல்களைப் பார்ப்போம். கள் உண்டு, தேறல் உண்டு. அதியமானும் ஔவையாரும் அதனைப் பகிர்ந்து பருகிய செய்தி புறநானூற்றில் வருகிறது. ஆய்மகள் மோர் விற்ற செய்தியும் உண்டு. காப்பி இல்லை; இருக்கவும் இயலாது. நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலும் காலையில் பழையதும் நீராகாரமும், வெயிலுக்கு மோரும் பானகமும், சளிக்குச் சுக்கும் மல்லியும் இட்ட கஷாயமுமே வீட்டில் வழங்கின. அக்கஷாயத்தைப் பின்னாளில் ‘சுக்குக் காப்பி’ என்று அழைக்கத் தொடங்கினோம். அதில் காப்பிக்கொட்டை ஒன்றேனும் இல்லை. புதிதாய் வந்த பானம், பழைய பானத்தின் பெயரையே மாற்றிவிடும் அளவிற்குச் செல்வாக்குப் பெற்றதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காப்பிச் செடி நம் நாட்டிற்கு வந்த கதை பலரும் அறிந்ததே. பதினேழாம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை சென்ற பாபா பூதன் என்னும் சூபிப் பெரியார், அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் மலையில் செடி முளைத்ததற்கும் நம் வீட்டு அடுப்பில் டிக்காஷன் இறங்கியதற்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் மைசூரிலும் குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் பெருந்தோட்டங்கள் இட்டபோது, அவர்கள் எண்ணியது லண்டன் சந்தையை; நம் வீட்டை அன்று.

இக்கதையில் தமிழர் முதலில் தோன்றுவது குடிப்பவராக அன்று, கூலியாளராகவே. 1830-களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே சென்றனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடு வழியே மாத்தளை நோக்கி நாட்கணக்கில் நடந்தனர். நீரின்றியும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டவர் மிகப் பலர். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் எஞ்சியோர் அதே வழியில் ஊர் திரும்பினர். அவர்கள் பறித்த காப்பியை அவர்கள் வீட்டார் சுவைத்தறியார்.

1869-ஆம் ஆண்டில் அத்தோட்டங்களில் இலைத் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அச்செடியே மலையெங்கும் பரவிற்று. காப்பி ஒரு பருவத்துப் பயிர். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே போய்வந்த மக்கள் போய்த் தங்கிய மக்களாயினர். மலையகத் தமிழர் வரலாறு இவ்வாறு ஒரு செடியின் நோயால் திசை மாறியது.

தமிழ்நாட்டு நகரங்களில் காப்பி வீட்டுப் பானமாக நிலைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். உத்தியோகஸ்தர் வீடுகளிலும் பிராமணர் வீடுகளிலும் முதலில் நுழைந்தது. பின்னர் ஏனையோரிடமும் பரவிற்று. அந்நாளில் இதனைக் கண்டித்தவர் பலர். பழையது உண்ட உடம்பின் வலிமை போயிற்று என்றனர். பெண்கள் காப்பிக்கு அடிமையாயினர் என்றனர். இன்று பிள்ளைகளின் சாயாவைப் பற்றி நாம் சொல்வதையே அன்று நம் முன்னோரின் முன்னோர் காப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கின்றனர்! காந்தியடிகளும் 1942-இல் சிறையிலிருந்து எழுதிய ஆரோக்கிய நூலில், தேநீர், காப்பி, கோக்கோ மூன்றும் உடம்பிற்கு வேண்டுவன அல்ல என்றே கருதினார். இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லை நாம் கேட்கவில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்பி எல்லார்க்கும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. காப்பி கிளப்புகளில் ‘பிராமணாளுக்கு மட்டும்’ என்ற பலகை தொங்கிற்று. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அவ்வாறே இடம் பிரிக்கப்பட்டிருந்தது. பெரியாரும் அவர்தம் இயக்கத்தாரும் எழுப்பிய எதிர்ப்பினால் ரயில்வே நிலையங்களில் அவ்வேற்றுமை 1941-இல் நீங்கியது. 1957-இலும் சென்னைத் திருவல்லிக்கேணியில் அத்தகைய பெயர்ப் பலகையை எதிர்த்து மறியல் நடந்தது. ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஒழியவில்லை. ரயில்வேயில் ஊதியம் பெறும் நாம், ஒரே வண்டியில் ஒரே தண்டவாளத்தில் வந்தோர்க்கு இரண்டு பந்தி வைத்த காலம் ஒன்று இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இனி, பிள்ளைகளின் கட்சியான சாயாவைப் பார்ப்போம். அது இவ்வூராரின் பழைய வழக்கமா? அதுவும் இல்லை. 1823-இல் அஸ்ஸாமில் சிங்போ மக்களிடம் ராபர்ட் புரூஸ் தேயிலையைக் கண்டார். 1839-இல் அஸ்ஸாம் கம்பெனி தோன்றிற்று. விளைந்தது பெரும்பாலும் கப்பலேறியது. வங்க மக்களோ பிறந்தது முதல் சாயா குடித்தவர் அல்லர். 1903-இல் தேயிலை வரிச் சட்டம் வந்து, ஏற்றுமதித் தேயிலைக்கு விதித்த தீர்வையைக் கொண்டு விளம்பரம் தொடங்கிய பின்னரே நிலைமை மாறலாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தேநீர்க் கொட்டகைகள் எழுந்தன.

நம்மைப் போன்றோர்க்கு மிகவும் சுவையான செய்தி, அவ்விளம்பரத்தின் முதன்மையான களம் ரயில் நிலையமே என்பது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் பெரிய ஜங்ஷன்களில் சிறு வியாபாரிகளுக்குக் கெட்டிலும் கோப்பையும் தேயிலைப் பொட்டலமும் கொடுத்து விற்கச் சொன்னார்கள். தேநீர் தயாரிக்கும் முறையைப் படம் போட்டு விளக்கும் எனாமல் பலகைகளை நிலையங்களில் மாட்டினார்கள். வியாபாரிகள் பலகையை மதித்தார்கள், முறையை மதிக்கவில்லை! பாலையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்த்து, தேயிலையைக் குறைத்துக் கொதிக்க விட்டார்கள். துரைமார் வருந்தினர், மக்களோ விரும்பிக் குடித்தனர். நம் மேடைகளில் இன்று மண் குவளையில் கிடைக்கும் சாயா, அந்தக் கீழ்ப்படியாமையின் பிள்ளையே. வங்கத்தில் எதிர்ப்பும் இருந்தது. ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் தேநீர்ப் பழக்கத்தைக் கடுமையாகச் சாடினார்.

காப்பிக்காரரும் வாளாவிருக்கவில்லை. 1935-இல் காப்பி வரிச் சட்டம் வந்தது; 1936-இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் கொட்டை தேங்கவே, 1942-இல் புதிய சட்டம் இயற்றி, காப்பி போர்டு விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கல்கத்தாக் கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் காப்பிக் கடை வைத்ததும் அவ்வாண்டிலேதான். 1950-களில் போர்டு தன் கடைகளை மூட முற்பட்டபோது, ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதலில் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து ஏற்று நடத்தினர். பெங்களூரிலும் டில்லியிலும் 1957-இல் அவை தொடங்கின. சாயாவையே உயிராகக் கொண்ட வங்க இளைஞர், கவிதைக்கும் அரசியலுக்கும் மட்டும் காப்பி ஹவுஸை நாடியமை நமக்குச் சிறிது பெருமையே.

ஆக, நம் மாலைக் காப்பியும் அண்டை வீட்டுச் சாயாவும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் ஊருக்குள் வந்தவை. நம் வீட்டிலும் வழக்கு இன்னும் முடியவில்லை. சென்ற விடுமுறையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் திரும்பியபோது, சென்னையில் அரைத்து வாங்கிய இரண்டு கிலோத் தூள் பெட்டி முழுவதையும் மணக்கச் செய்தது. நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி; அதற்குமேல் போகாதே என்பது வீட்டின் கட்டளை. காலனியில் இறங்கிய அன்று மாலை மகள் அதனை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “மணம் நன்றாக இருக்கிறது, அப்பா, எனக்குச் சாயா” என்றாள். பால் ஒன்றுதான், இரண்டு பாத்திரமாகப் பிரித்துக் காய்ச்சினார்கள்.