விடுமுறை இல்லாத ஞாயிறு

வேலையில் இருந்த காலத்தில், 'வாரம் முழுக்க உழைத்தாயிற்று, இன்றாவது கொஞ்சம் தூங்குவோமே' என்று ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாகவே போவேன்.

யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. ஆதிக் கிறிஸ்தவர்களோ இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று கூடினார்கள். ரோம ஆட்சியில் அது வேலைநாள். கி.பி. 112 வாக்கில் ஆளுநர் பிளினி, இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். சபைப் பணி செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் அதில் சொல்கிறார்.

கி.பி. 321-இல்தான் கான்ஸ்டன்டைன் ஞாயிறை விடுமுறையாக்கினார். அதுவும் நகரத்தாருக்கு, உழவர்கள் வேலை செய்யலாம் என்றது ஆணை.

அந்த அடிமைப் பெண்களுக்கு விடுமுறை ஏது? விடியுமுன் பாடிய அந்தக் கொஞ்ச நேரமே ஓய்வாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கு ஏழு நாளும் ஓய்வுதான். ஞாயிறன்று மட்டும் முதல் மணி அடிக்கும்போதே கோயிலில் இருக்கிறேன்.