வீட்டுப் புல்தரைப் பூச்சிகள்: கண்டறிதலும் பாதுகாப்பான கட்டுப்பாடும்

புல்தரையில் தோன்றும் பழுப்புத் திட்டுகளுக்குப் பூச்சிகள் மட்டுமே காரணமல்ல. நீர்ப் பற்றாக்குறை, பூஞ்சை நோய், நாயின் சிறுநீர் ஆகியவற்றாலும் புல் கருகும். காரணத்தை அறியாமல் பூச்சிக்கொல்லி தெளித்தால் புல் பிழைக்காது. அங்கு விளையாடும் குழந்தைகளுக்கே தீங்கு நேரலாம்.

கண்டறியும் முறை

• திட்டின் ஓரத்துப் புல்லை இழுத்துப் பாருங்கள். பாய்போல் பெயர்ந்து வந்தால் அடிமண்ணைக் கிளறுங்கள். பழுப்புத் தலையும் வளைந்த வெண்ணிற உடலும் கொண்டவை வேர்ப்புழுக்கள்.
• இலைகள் கடிபட்டிருந்தால், 4 லிட்டர் நீரில் 2 மேசைக்கரண்டி சோப்புக் கரைசலைக் கலந்து ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஊற்றுங்கள். மறைந்துள்ள புழுக்கள் சுமார் 10 நிமிடங்களில் மேலே வரும்.

கட்டுப்படுத்தும் முறை

• புழுக்கள் சிலவே எனில், கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுங்கள்.
• வேர்ப்புழுக்கள் மிகுதியாக இருந்தால், மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை மருந்தை ஈரமண்ணில் இடலாம்.
• இரசாயன மருந்து இறுதி வழியே. கொள்கலனில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைக் கவனியுங்கள்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு. சிறிதளவு நஞ்சும் கவனத்திற்குரியதே.
• முகக்கவசம் அணியுங்கள். தரை நன்கு உலரும்வரை குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா நோயாளிகள் ஆகியோரை அங்கு அனுமதிக்காதீர்கள்.
• மருந்தைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள்.

உடனடி மருத்துவ உதவி

தெளித்த பின் ஒருவருக்கு மிகுந்த உமிழ்நீர், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் 108-ஐ அழையுங்கள். நஞ்சு பட்ட உடைகளைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்தின் கொள்கலனை மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது உதவும்.