ஐப்பசி, கார்த்திகை வானிலை: காரைக்காலும் மற்ற ஊர்களும்

ஐப்பசி பிறந்ததும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "கோயம்புத்தூர் பக்கம் ஒருத்தர் வீடியோவில் சொன்னதை நம்ம வயலில் செய்யலாமா?" பஞ்சாப், ஆந்திரா என்று எந்த ஊர் யோசனை வந்தாலும், உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த ஊரில் இப்போது இரவு எவ்வளவு குளிர்கிறது, பகலுக்கும் இரவுக்கும் எவ்வளவு வித்தியாசம்? இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பாடப் புத்தகத்தில் அக்டோபர், நவம்பரை இலையுதிர் காலம் என்று போட்டிருப்பார்கள். நமக்கு அது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20. நம் ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கோவையில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 65 முதல் 70 செ.மீ. ஏறக்குறைய அவ்வளவு மழையை நாம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்திலேயே பார்த்துவிடுகிறோம்.

வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் காரைக்காலில் பகலில் சுமார் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ், இரவில் 24 டிகிரி. வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான். அடைமழை நாளில் இது மூன்று, நான்காகக் கூடச் சுருங்கும். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கோவையில் பகல் நம்மைப் போலவே 30 டிகிரி இருந்தாலும், இரவு 21-க்கு இறங்கிவிடும். பஞ்சாபின் லூதியானாவில் பகல் 27, இரவு 11 டிகிரி அளவு. அதாவது ஒரே நாளில் 16 டிகிரி ஏற்ற இறக்கம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே பகலே 19 டிகிரி அளவுதான். இவை பல ஆண்டுகளின் சராசரியை ஒட்டிய எண்கள், ஒரு குறிப்பிட்ட நாளில் கூடக் குறைய இருக்கும்.

இதற்குக் காரணம் கடல். நிலம் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். கடல் நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். அதோடு நம் காற்றில் இருக்கும் ஈரமும் மேலே நிற்கும் மேகமும் போர்வை மாதிரி வேலை செய்து, தரையிலிருந்து கிளம்பும் சூட்டை இரவில் வெளியே விடாது. பஞ்சாபில் அந்த மாதம் வானம் தெளிவு, காற்று வறட்சி. பகலில் வாங்கிய சூடு முழுவதும் இரவில் மேலே போய்விடும்.

பயிருக்கு இதனால் என்ன? நெல் பகலில் மாவுச்சத்தைச் சேர்க்கிறது, இரவில் சுவாசிப்பதற்காக அதில் கொஞ்சம் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்குகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. பஞ்சாப் நெல் ஜூனில் நட்டு, நல்ல வெயிலில் பால் பிடித்து, ஐப்பசிக்குள் பெரும்பாலும் களத்துக்கு வந்துவிடும். நம் சம்பா அப்போது தூர் கட்டிக்கொண்டு, மேகத்துக்கு அடியில் தண்ணீரில் நிற்கிறது. ஆகவே அவர்கள் போடும் யூரியா அளவை இங்கே போட்டால் அவர்கள் எடுக்கும் மூட்டை வராது. பூச்சியும் நோயும்தான் வரும்.

உருளைக்கிழங்கும் அப்படித்தான். இரவு 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாக இறங்கும். திருநள்ளாறில் முயற்சி செய்ய வேண்டாம்!

மழை பெய்யும் நாளைவிட, மழை விட்ட நாட்களைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். நான்கைந்து நாள் வானம் வெளுத்தால் இரவு 22 டிகிரிக்குக் கீழே இறங்கும், விடியற்காலையில் இலை முழுக்கப் பனி நிற்கும். குலைநோய்ப் பூஞ்சைக்கு வேண்டியது இந்த ஈரமும் குளிர்ச்சியும்தான். இலையில் பத்து மணி நேரம் ஈரம் நின்றால் போதும், பிடித்துக்கொள்ளும். இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் சாம்பல் நிறத்தோடு கண் வடிவப் புள்ளி தெரிகிறதா என்று காலையில் வரப்பில் நடந்து பாருங்கள். பிபிடி 5204 நட்டவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், அந்த ரகத்துக்குக் குலைநோய் எளிதில் வரும். புள்ளி கண்டால் மேலுரத்தை நிறுத்துங்கள். நட்ட 45-ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை, லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் தெளிப்பது நல்ல முன்னெச்சரிக்கை. நோய் முற்றினால் இலையோடு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லும் மூன்று மருந்துக் கலவையை வாங்கி அடிக்க வேண்டாம்.

அடுத்தது கதிர் வரும் நேரம். நெல் பூ காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் திறந்து மூடிவிடும். அந்த நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் வீணாகி, கதிர் பதராகும். அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு பூக்கும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். 155 நாள் சிஆர் 1009 ஆகஸ்ட் 15-இல் விதைத்தால் டிசம்பர் நடுவில் பூக்கும், கனமழை பெரும்பாலும் தணிந்திருக்கும். 135 நாள் ஆடுதுறை 46-ஐ அவசரப்பட்டு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே விதைத்தால், கார்த்திகைக் கனமழையில் கதிரை நீட்டிக்கொண்டு நிற்கும். அதை செப்டம்பர் நடுவுக்குத் தள்ளுவதே நல்லது.

புயல் வேறு கணக்கு. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா காற்றால் அழித்தது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் அங்கே ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. நாம் காவிரியின் கடைமடை. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது அரசலாற்று முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஆகவே வாய்க்காலை ஐப்பசிக்கு முன்பே பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து வெட்டிவிட வேண்டும். உங்கள் வயலுக்கு மட்டும் வடிகால் எடுத்தால் பயன் இல்லை. தாழ்வான நிலத்துக்கு இரண்டு வாரம் வரை மூழ்கித் தாங்கும் சிஆர் 1009 சப் 1 ரகம் இருக்கிறது. நீர் வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து மாலையில் தெளித்தால் பயிர் தேறும். காற்றில் இலை கிழிந்த வயலில் பாக்டீரியா இலைக்கருகல் வரலாம், அங்கே யூரியாவைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள்.

பனியால் நன்மையும் உண்டு. தை மாதம் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு ஈர மண்ணில் தெளிக்கும் உளுந்தும் பயறும், மண்ணில் மிஞ்சிய ஈரத்தோடு இந்தப் பனியையும் நம்பித்தான் வளர்கின்றன.

மேகதூத் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் புதிய அறிவிப்பு வருகிறது. மழை அளவை மட்டும் பார்க்காமல் இரவு வெப்பம், காற்றின் ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முடிந்தால் உயர்வும் தாழ்வும் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி, வெயில் படாத திண்ணையில் மாட்டி, தினமும் காலையில் நோட்டில் எழுதி வையுங்கள். மாதூருக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வந்தால், உங்கள் வயலுக்கென்றே யோசனை சொல்ல எனக்கு எளிதாக இருக்கும்.